எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க!

சேந்தமங்கலத்தில் நாங்கள் நடத்த இருந்தது ஒரு சின்ன வாசகர் கூட்டம். இருபது நாற்காலி, ஒரு மைக், முடிந்ததும் டீ. பேசவிருந்த புத்தகம் தங்கள் சாதியைக் கேவலப்படுத்துகிறது என்று நாலு பேர் மனு கொடுத்துவிட்டார்கள். கூப்பிட்டு விசாரித்த அதிகாரி புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “கூட்டம் நடத்தலைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க சார். எதுக்குங்க வம்பு?” என்றார், மிகுந்த மரியாதையோடு. எழுதிக் கொடுத்தோம். அதில் ஒரு கையெழுத்து என்னுடையது.

நாமக்கல் மாவட்டத்துக்கு இது பழகிய வசனம். 2015 ஜனவரி 12 அன்று ஆட்சியர் அலுவலகத்தில், மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் நடந்த ‘அமைதிப் பேச்சுவார்த்தை’யில் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் வாங்கியதும் இப்படியொரு காகிதத்தைத்தான். காரணம், ‘மாதொருபாகன்’ என்ற 2010இல் வந்த அவருடைய நாவல். நான்கு ஆண்டுகள் புண்படாத மனங்கள் ஐந்தாம் ஆண்டில் திடீரென்று புண்பட்டன.

ஒரு கணக்கை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்குவதில்லை. திருச்செங்கோட்டில் அந்த நாவலின் பிரதியை எரித்தது 2014 டிசம்பர் 26. அங்கிருந்து கையெழுத்து வாங்கிய நாள்வரை 17 நாள். அந்தக் காகிதம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2016 ஜூலை 5. அதற்கு 540 நாள். பறிக்க 17, திருப்பித் தர 540; ஏறத்தாழ 32 மடங்கு. கந்துவட்டிக்காரர்கூட இந்த விகிதம் கேட்கக் கூச்சப்படுவார். இடையில் அந்த எழுத்தாளர், தான் செத்துவிட்டதாகத் தானே அறிவித்துவிட்டு, சென்னைக்கு இடம் மாறிப் போனார்.

இத்தனைக்கும் சட்டம் முன்பே தெளிவாக இருந்தது. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தை வெளியிட்டால் கலவரம் வரும் என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றம்வரை வாதாடியது. மிரட்டலுக்குப் பயந்து கருத்தை அடக்கக் கூடாது, பாதுகாப்புத் தருவதுதான் அரசின் வேலை என்று 1989இல் தீர்ப்பு வந்தது. அந்தப் படத்தின் கருத்து எனக்கு அறவே ஆகாது. ஆனாலும் தீர்ப்பு சரி. நமக்குப் பிடிக்காத படத்தை வைத்துத்தானே நம் சகிப்பை அளக்க முடியும்?

சகிப்புக்கும் எல்லை உண்டு என்று இப்போது எல்லோரும் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரைத் துணைக்கு அழைக்கிறார்கள். 1945இல் அவர் பயந்தது வாதத்துக்குக் கைமுட்டியால் பதில் சொல்பவர்களைப் பார்த்து. நாவல் எழுதுபவரைப் பார்த்தல்ல. புத்தகத்தைத் திட்டுங்கள், மறுப்பு நூல் போடுங்கள், வழக்குப் போடுங்கள். கடையை அடைக்கச் சொல்வதும் வீட்டுக்கு மிரட்டல் விடுவதும் கருத்தாகாது. ‘மனம் புண்பட்டது’ என்பவர்களில் பாதிப்பேர் புத்தகத்தைப் படித்ததில்லை. மீதிப்பேருக்குத் தேர்தல் கணக்கு. இவர்களோடு என்ன வாதம் செய்வது?

பெருமாள்முருகனிடம் கையெழுத்து வாங்கிய அதே 2015இன் ஜூனில், நாவலை எரித்த அதே திருச்செங்கோட்டின் மலைக்கோயிலில், வேற்றுச் சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர்ப் பக்கத்து தலித் பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டார். பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. ஜனவரியில் ஒரு கும்பல் கேட்டதை அரசு கொடுத்தது. ஜூனில் இன்னொரு கும்பல் கேட்காமலே எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பார்கள். உண்டு என்கிறேன் நான். ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பேனா வளைந்தபோதே ஊருக்குச் சேதி போய்விட்டது.

அமைதி கெடும் என்று அஞ்சினால், கெடுக்கப் போகிறவரிடம் பிணைப்பத்திரம் வாங்கச் சட்டம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஆம் பிரிவு, அதன் இடத்தில் வந்திருக்கும் இன்றைய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 126ஆம் பிரிவு. இனி மனு கொடுக்க வருபவரிடம் எழுதி வாங்குங்கள் ஐயா, கூட்டத்துக்கு இடைஞ்சல் செய்ய மாட்டேன் என்று. அதே புத்தகத்துக்கு வேறு தேதி கேட்டு நாங்கள் மறுபடி மனு கொடுத்திருக்கிறோம்.