இரும்புக் கடையா, இடுகாடா?

"பழைய கப்பல்தானே, துருப்பிடிச்ச இரும்பை எடுத்தா யாருக்கு நஷ்டம்?" கடலுக்கடியில் கிடக்கும் கப்பல்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே இப்படி ஒரு புத்திசாலி கிளம்பிவிடுகிறார். சரி, அவருக்கே கணக்குச் சொல்லுவோம்.

1942 ஏப்ரல் 9. மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டனின் ஹெர்மிஸ் கப்பலை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் அது. அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை! செத்தவர்கள் 307 பேர். கப்பல் இன்னமும் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அதற்குக் கீழே போகப் போக, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜனே போதை ஏற்றும். அதனால் ஹீலியம் கலந்த 'ட்ரைமிக்ஸ்' வாயு வேண்டும். மேலே வரும்போதும் நின்று நின்று வரவேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்தில் குமிழி. 'இவ்வளவு கஷ்டம் இருக்கே, அப்போ கப்பல் பத்திரம்தான்' என்று நினைத்தால் அது வெறும் ஏமாளித்தனம்.

ஜாவா கடலைப் பாருங்கள். அதே 1942-ல் மூழ்கிய மூன்று டச்சுப் போர்க்கப்பல்கள், சுமார் 70 மீட்டர் ஆழத்தில். 2016-ல் டைவர்கள் போய்ப் பார்த்தால் இரண்டு கப்பல் முழுசாகவே காணோம்! மூன்றாவதில் பெரும்பகுதி இல்லை. எல்லாம் பழைய இரும்புக்காக. உள்ளே இருந்த மனிதர்களின் மிச்சம் என்ன ஆனதோ!

குளிர்ந்த தண்ணீர் காப்பாற்றுமா? அதுவும் இல்லை. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் 1975-ல் 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 161 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 1995-ல் இரண்டு பேர் ட்ரைமிக்ஸோடு இறங்கித் தொட்டுவிட்டு வந்தார்கள். நிஜமான பூட்டு 2006-ல்தான் வந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் போராடியதால், அரசு அனுமதி இல்லாமல் யாரும் கிட்டே போகக்கூடாது என்று கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் விதி போட்டது.

ஹெர்மிஸுக்கு என்ன வழி? யுனெஸ்கோவின் 2001 ஒப்பந்தப்படி 100 வருஷம் தண்ணீருக்கடியில் கிடந்தால்தான் அது பாரம்பரியச் சொத்து. அதாவது 2042 வரை காத்திருக்க வேண்டும். கல்லறை என்று மதிக்க நூறு வயசு எதற்கய்யா?

டைவர்களை விரட்டச் சொல்லவில்லை. ஜாவா கடல் திருட்டை வெளியே கொண்டுவந்ததே அவர்கள்தான். லாஸ்பேட்டையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி கடலிலேயே ஸ்கூபா கற்றுக்கொள்ளலாம். நாளைக்கு இங்கத்துப் பசங்களும் ஹெர்மிஸுக்குப் போவார்கள். தாராளமாகப் போகட்டும், படம் எடுக்கட்டும். ஒரே ஒரு ஆணியைக்கூடக் கையில் கொண்டுவர வேண்டாம்.

சுடுகாட்டில் திருடுகிறவனை ஊரே அடித்து விரட்டும். கடலுக்கடியில் திருடினால் மட்டும் அவன் பெயர் வியாபாரியா?