சொந்தக் காசில் கோர்ஸ் படிச்சா வரிச்சலுகை உண்டா?

திண்டிவனத்தில் இருந்து ஜி.எஸ்.டி சாலை வழியாக மறைமலை நகருக்கு வேலைக்குப் போகும் ஒருவருக்கு மாதச் சம்பளம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் மாறுது, சாஃப்ட்வேர் மாறுது. புதுசா ஏதாவது கத்துக்கிட்டாத்தான் அடுத்த வேலை கிடைக்கும். ஒரே கம்பெனியை நம்பி இருக்க முடியாது என்பதை, 2022-ல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியபோதே பார்த்தோம்.

அந்தப் படிப்புக்காக அவர் மாதம் 1,000 ரூபாய் சேமித்தால் வரிச்சலுகை கிடைக்குமா?

சுருக்கமான பதில்: கிடைக்காது.

சட்டத்தில் என்னதான் இருக்கு?

ஓய்வுக்காலத்துக்கு பி.எஃப் இருக்கு. பெண் குழந்தைக்கு செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கு. ஆனால், வேலை செய்பவர் தன் பயிற்சிக்காகச் சேமிக்க வரிச்சலுகையோடு தனிக் கணக்கு எதுவும் இல்லை. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களில் சொன்னால், பக்கத்தில் வருவது இரண்டுதான்.

80-சி: இரண்டு பிள்ளைகள் வரை, முழுநேரப் படிப்புக்கான டியூஷன் ஃபீஸ். மற்ற சேமிப்புகளையும் சேர்த்து 1.5 லட்சம் ரூபாய்தான் வரம்பு. உங்க சொந்தப் படிப்புக்குக் கட்டிய ஃபீஸ் இதில் வராது.

80-இ: உயர்கல்விக் கடனுக்கான வட்டி. பிளஸ் டூவுக்குப் பிறகான அங்கீகரிக்கப்பட்ட படிப்பாக இருந்தால் போதும். உங்களுக்காக வாங்கிய கடனும் செல்லும். உச்சவரம்பு இல்லை, 8 ஆண்டுகள் வரை கழிக்கலாம்.

கடன் வாங்கினால் சலுகை, சேமித்தால் இல்லை. பிள்ளை படித்தால் சலுகை, பெற்றவர் படித்தால் இல்லை. இந்த இரண்டும்கூட பழைய வரி முறையில் மட்டும்தான். 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான தேர்வு. அதில் இரண்டுமே கிடையாது.

இன்னொரு முரண்: ஊழியரின் பயிற்சிக்குக் கம்பெனி பணம் கட்டினால், அது தொழில் செலவு, லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். அதே ஃபீஸை ஊழியர் கட்டினால், சம்பளத்தில் கழிக்க வழியில்லை. மேலும், ஜி.எஸ்.டி பதிவுள்ள தனியார் கோச்சிங் சென்டராக இருந்தால் 18% வரி. 40,000 ரூபாய் ஃபீஸுக்கு 7,200 ரூபாய். வேலைக்குப் போவதும் ஜி.எஸ்.டி சாலையில்தான், படிக்கப் போனாலும் ஜி.எஸ்.டிதான்!

அப்போ புதுசா ஒரு வரிச்சலுகை கொடுத்தால் சரியாகிடுமா?

இங்கேதான் கணக்கு முக்கியம். பழைய முறையில் 30% வரம்பில் இருப்பவர் 50,000 ரூபாய் கழித்தால், செஸ் சேர்த்து 15,600 ரூபாய் மிச்சம். நம்ம திண்டிவனம் ஊழியரின் ஆண்டு வருமானம் 3 லட்சம். எந்த முறையிலும் அவருக்கு வரியே இல்லை. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. வரி கட்டாதவருக்கு வரிக்கழிவு கொடுத்து என்ன பயன்? பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்குக் கிடைப்பது பூஜ்ஜியம்.

மற்ற நாடுகளில் எப்படி?

சிங்கப்பூர் 2016-ல், 25 வயது நிரம்பிய குடிமக்கள் கணக்கில் 500 சிங்கப்பூர் டாலரைப் பயிற்சிக்காக நேரடியாக வரவு வைத்தது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு 2024-ல் மேலும் 4,000 டாலர். கனடாவில் தகுதியுள்ள ஊழியருக்கு ஆண்டுக்கு 250 கனடிய டாலர் சேர்ந்துகொண்டே வரும். வாழ்நாள் வரம்பு 5,000. கட்டிய ஃபீஸில் பாதி வரை திரும்பக் கிடைக்கும். வரியே கட்ட வேண்டியது இல்லையென்றாலும் அந்தப் பணம் கைக்கு வரும்.

எச்சரிக்கையும் உண்டு. இங்கிலாந்து 2000-ல் இப்படி ஒரு கணக்கைத் தொடங்கியது. பயிற்சி நிறுவனங்களைச் சரியாக வடிகட்டாததால் மோசடி பெருகி, 2001-லேயே மூடியது.

நமக்கு எது பொருந்தும்?

வரிக்கழிவைவிட, பி.எஃப் மாதிரி ஊழியர் கொஞ்சம், அரசு கொஞ்சம் போடும் கணக்குதான் பொருந்தும். அதை அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் மட்டும் செலவழிக்க அனுமதிக்கலாம். விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரிலுமே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. மாலை நேரக் கோர்ஸ்களை அங்கிருந்தே தொடங்கலாம்.

இப்போதைக்கு நீங்க செய்யக்கூடியது

* கல்விக் கடன் வட்டி கட்டுறீங்களா? ரிட்டர்ன் போடும் முன் இரண்டு முறையிலும் வரியைக் கணக்குப் போட்டுப் பாருங்க.
* உறவினரிடமோ வட்டிக்கடையிலோ வாங்கிய கடனுக்கு 80-இ கிடையாது.
* ஃபீஸைக் கம்பெனியே நேரடியாகக் கட்டுமா என்று எச்.ஆரிடம் கேளுங்க. கம்பெனிக்கு அது செலவுக் கணக்கில் போகும். உங்க கைக்காசும் மிச்சம்.