இறந்தவரிடம் சாட்சியம் கேட்கும் சட்டம்

விபத்து இழப்பீட்டு வழக்குகளில் காப்பீட்டு நிறுவனங்கள் தாக்கல் செய்யும் எதிர்வாதங்களில் ஏறத்தாழ மாறாத ஒரு வாக்கியம் உண்டு: மிதிவண்டியில் வந்தவர் எவ்விதச் சைகையும் காட்டாமல் திடீரெனச் சாலையின் குறுக்கே திரும்பிவிட்டார். வாகனத்தை ஓட்டியவர் உயிரோடு இருக்கிறார். காவல் நிலையத்தில் அவர் சொல்வது எழுதப்படுகிறது. மிதிவண்டியில் வந்தவர் பிணவறையில் கிடக்கிறார். அவர் தரப்பில் பேச நசுங்கிய சக்கரமும் சிதறிய சோற்று டப்பாவும்தாம் மிச்சம். விடியும் முன் ஆலைக்குக் கிளம்பியவர் அடிபட்ட இடத்தில் கண்ணால் கண்ட சாட்சி எங்கிருந்து வரும்? ஆயினும், ஓட்டுநரின் கவனக்குறைவால்தான் இச்சாவு நேர்ந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையை இந்நாட்டுச் சட்டம் அவர் மனைவியின் தலையில் ஏற்றுகிறது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். 4,800க்கும் மேற்பட்டோர் மிதிவண்டியில் சென்றவர்கள். இவ்விரு பிரிவினரும் எவர்மீதும் மோதிக் கொல்லும் வலுவற்றவர்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 44.8 விழுக்காட்டுக் குடும்பங்களில் மிதிவண்டி இருந்தது. வேளாண்மை சாராத தொழிலாளரில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் அதில்தான் வேலைக்குச் சென்றனர். உடற்பயிற்சிக்காக ஞாயிற்றுக்கிழமை விலையுயர்ந்த சைக்கிளில் கிளம்புவோரைப் பற்றிய செய்திகள் நாளேடுகளின் வண்ணப் பக்கங்களில் இடம்பெறுகின்றன. லூதியானாவின் ஆலைகளில் சைக்கிள் பாகங்களைச் செய்துவிட்டு, அதே சைக்கிளில் இரவுப் பணி முடிந்து திரும்பும் பீகார்த் தொழிலாளி அடிபட்டால் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி வரும்.

சட்டம் எப்போதும் இப்படியே இருந்துவிடவில்லை; முன்னும் பின்னுமாக இழுபட்டே வந்திருக்கிறது. ஓட்டுநரின் தவற்றை மெய்ப்பிக்காமல் இழப்பீடு கோர முடியாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த சில ஆண்டுகளில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதற்கு நேர் எதிரான திசையில் பேசத் தொடங்கினார். 1957இல் இ.எம்.எஸ். தலைமையிலான கேரள அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர் அவர். உயர் அழுத்த மின்கம்பியில் பேருந்து உரசி 8 பேர் அங்கேயே மாண்ட வழக்கில், 1980இல் அவர் அளித்த தீர்ப்பு இன்றும் தீர்ப்பாயங்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. சின்னஞ்சிறு ஐயங்களைக் காரணமாக்கி உரிமையாளர்களைத் தப்பவிடலாகாது என்பது அதன் சாரம். தவறு யாருடையது என்று பாராமலே இழப்பீடு வழங்கும் முறை வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். 1982இல் நாடாளுமன்றம் அம்முறையை ஏற்றபோது உயிருக்கு வைத்த தொகை 15,000 ரூபாய். பின்னர் அது 25,000 ஆகி, 1994இல் 50,000 ஆயிற்று.

தொகை அற்பமே. ஆனால் அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 140ஆம் பிரிவின்படி இந்தத் தொகையை முதலில் வாங்கிக்கொண்டு, முழு இழப்பீட்டுக்கான வழக்கையும் தொடரலாம். ஈமச் செலவுக்கும் அடுத்த மாத வாடகைக்கும் ஏதோ கையில் இருக்கும். வழக்கு அதன்பாட்டுக்கு நடக்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அத்தியாயத்தையே அகற்றிவிட்டு, 164ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. தவற்றை மெய்ப்பிக்க வேண்டாம். இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166ஆம் பிரிவின் கீழான முழு இழப்பீட்டு வழக்கு காலாவதியாகிவிடும்.

இந்தத் திருத்தத்தால் தொழிலாளி குடும்பத்துக்கு என்ன நேர்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 42 வயதுக் கட்டடத் தொழிலாளி. மாதம் 12,000 ரூபாய் ஈட்டியவர். மனைவி, இரு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பி வாழ்ந்தவர்கள். உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்த முறைப்படி, எதிர்கால வருவாய்க்காக 25 விழுக்காடு கூட்டினால் 15,000. அவருடைய சொந்தச் செலவுக்கெனக் கால் பங்கைக் கழித்தால் 11,250. ஆண்டுக்கு 1,35,000. அவ்வயதுக்குரிய பெருக்கல் எண் 14. ஆக 18,90,000 ரூபாய். இதை வாங்க அக்குடும்பம் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வழக்குரைஞரின் படியேற வேண்டும். அல்லது 5 லட்சத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுப்பு எரியாத வீடு எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரியாததன்று.

துணிந்து வழக்காடும் குடும்பத்துக்கும் இன்னொரு கத்தி காத்திருக்கிறது. விபத்துக்கு இறந்தவரும் பங்களித்தார் என்று தீர்ப்பாயம் கருதினால், அவர் பங்குக்கு உரிய விழுக்காடு கழிக்கப்படும். பின்விளக்கு இல்லை, எதிர்த்திசையில் வந்தார், சாலையின் நடுவே ஓட்டினார் என்பவையே வழக்கமான குற்றச்சாட்டுகள். பாதிப் பழி இறந்தவர்மேல் என்று முடிவானால் 18,90,000 என்பது 9,45,000 ஆகும். அவர் ஏன் எதிர்த்திசையில் வந்தார்? ஆறுவழிச் சாலையின் நடுவே எழுப்பிய தடுப்பில் அடுத்த திறப்பு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எதிர்ப்புறத்து ஆலைக்கு மிதித்துச் செல்பவர் வேறு எப்படி வருவார்? இந்தக் கேள்வி தீர்ப்பாயத்தில் எழுவது அரிது. சாலையை வடிவமைத்தவர் அங்கே எதிர்மனுதாரராக நிற்பதும் அரிதே.

2001இல் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப் ஒன்று, நடந்து சென்றவரைக் கொன்ற வழக்கு அது. ஓட்டுநரிடம் தவறில்லை என்று கீழே தள்ளுபடியான கோரிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்றது: ஆபத்தான பொருளைக் கொண்டுவந்தவரே அதன் விளைவுக்குப் பொறுப்பு என்னும் கடும்பொறுப்புக் கோட்பாடு மோட்டார் வாகனத்துக்கும் பொருந்தும் என்றது. 2007இல் வேறோர் அமர்வு, 166ஆம் பிரிவில் வருவோர் கவனக்குறைவை மெய்ப்பித்தே ஆகவேண்டும் என்று கூறி அக்கதவைப் பெரிதும் சாத்திவிட்டது.

அயல்நாடுகளில் இது எப்போதோ தீர்ந்த விவகாரம். நெதர்லாந்தில் 1970களின் தொடக்கத்தில், குழந்தைகள் சாலையில் மடிவதை எதிர்த்துப் பெற்றோர் தெருவில் இறங்கினர். 1971இல் மட்டும் அச்சிறு நாட்டில் 3,300 பேர் சாலையில் இறந்திருந்தனர். இன்று அந்நாட்டுச் சட்டப்படி, மோட்டார் வாகனம் மிதிவண்டியில் மோதினால், தவிர்க்கவே முடியாத நிகழ்வு என்று வாகன உரிமையாளர்தான் மெய்ப்பிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் முழு இழப்பீடு. பெரியவராயின் அவர்மீது தவறு இருந்தாலும் குறைந்தது பாதி. வேண்டுமென்றே செய்ததும் அதற்கிணையான அடாவடியும் மட்டுமே விதிவிலக்கு. பிரான்சில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: 16 வயதுக்குட்பட்டோரும் 70 வயதைக் கடந்தோரும் உடற்காயத்துக்கு ஏறத்தாழ எந்நிலையிலும் முழு இழப்பீடு பெறுவர். அச்சட்டத்தைக் கொண்டுவந்த நீதியமைச்சர் ராபர்ட் பதந்தேர்தான் 1981இல் அங்கு மரண தண்டனையை ஒழித்தவர் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. தண்டிக்கும் வெறி குறைந்த இடத்தில் பொறுப்பேற்கும் சட்டத்துக்கு இடம் கிடைக்கிறது.

உரிமமும் இல்லாமல் வரியும் கட்டாமல் விதியும் மதிக்காமல் வருகிறவனுக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று கார் வைத்திருப்போர் கேட்கின்றனர். அவர்கள் தருவதில்லை, கட்டாயக் காப்பீடு தருகிறது. பல டன் எடையை 80 கிலோமீட்டர் வேகத்தில் சாலைக்குக் கொண்டுவருபவரும், 15 கிலோ இரும்பை மிதித்து வருபவரும் சமமான ஆபத்தைக் கொண்டுவருவதாகக் கருதுவது, யானையும் எறும்பும் ஒருவரையொருவர் மிதிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதுவதற்கு ஒப்பாகும்.

போக்குவரத்துத் தொழிற்சங்கத் தோழர்களுக்கு இதில் வேறொரு தயக்கம் உண்டு, அது நியாயமானதும்கூட. பொறுப்பு என்ற சொல் எழும்போதெல்லாம் சிறைக்குப் போவது ஓட்டுநர்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2)ஆம் உட்பிரிவு, விபத்தைக் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்றது. நின்றால் கும்பல் அடித்தே கொன்றுவிடும் என்று அஞ்சும் லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் வண்டிகளை நிறுத்தினர். ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் புனேயில் சொகுசு கார் மோதி இருவர் இறந்த வழக்கில், காரை ஓட்டிய 17 வயதுச் சிறுவனிடம் முதலில் 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லிப் பிணை வழங்கினர். கடுமை என்பது எந்த வர்க்கத்தின்மேல் விழும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இங்கே இரு பொறுப்புகளைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். குற்றவியல் தண்டனைக்கு ஓட்டுநரின் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். அதில் தளர்வு கூடாது. இழப்பீடோ வாகனத்தை ஓடவிட்டு இலாபம் காண்பவரும் அவருடைய காப்பீட்டாளரும் ஏற்க வேண்டியது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு விதித்தது. அந்த வரம்பை நெடுஞ்சாலையில் எவர் மதிக்கிறார்? உறங்காமல் ஓட்டுபவரும், அவர் சக்கரத்தில் சிக்குபவரும் ஒரே முதலாளித்துவ அவசரத்தின் இரு முனைகளில் இருக்கின்றனர். கடும்பொறுப்பு உரிமையாளரின் மீது விழுமானால், ஓட்டுநரை எத்தனை மணி நேரம் விழித்திருக்க வைக்கலாம் என்ற கணக்கும் மாறும்.

சாலையை ஆள்வோரின் பொறுப்பு இன்னும் மெல்லியது. தரமற்ற சாலை வடிவமைப்பால் உயிர்போனால் 198ஏ பிரிவின்படி அதிகபட்ச அபராதம் 1 லட்சம் ரூபாய். மிதிவண்டிக்கெனத் தனித்தடம் அமைத்து 2008இல் திறக்கப்பட்ட தில்லிப் பேருந்து விரைவுத்தடம், கார்கள் நெரிசலில் நிற்கின்றன என்ற கூச்சலுக்குப் பணிந்து 2016இல் இடிக்கப்பட்டது. கொல்கத்தாவில் 2013இல் 174 சாலைகளில் மிதிவண்டி தடைசெய்யப்பட்டது. பால்காரரும் நாளேடு போடுபவரும் அபராதம் கட்டினர். இத்தடை 2008இல், இடது முன்னணி ஆட்சிக் காலத்திலேயே, சில சாலைகளில் தொடங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உடனடியாக வேண்டுவன இவை. 164ஆம் பிரிவின் தொகை இடைக்கால நிவாரணமாக வேண்டும். அதை வாங்கியதால் முழு வழக்கு மடியக் கூடாது. நடப்போர், மிதிவண்டியில் செல்வோர் வழக்குகளில் மெய்ப்பிக்கும் சுமை வாகன உரிமையாளரின் பக்கம் மாற வேண்டும். 1994இல் நீக்கப்பட்டு 2019இல் மீண்டும் நுழைக்கப்பட்ட ஆறு மாதக் காலவரம்பு போக வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை கிளைகள் செய்யக்கூடியதும் உண்டு. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி காவல்துறை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் அனுப்ப வேண்டும். அதைக் கேட்டு வாங்க ஆளிருந்தால்தான் அது எழுதப்படும். சாலையின் அகலம், தடுப்பின் திறப்பு, விளக்குக் கம்பத்தின் நிலை ஆகியவற்றை முதல் நாளே படம் பிடித்து வைத்தால், ‘திடீரெனத் திரும்பினார்’ என்ற வாக்கியத்துக்கு மறுமொழி இருக்கும். மோதிய வாகனம் எதுவெனத் தெரியாவிட்டாலும் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் போதும். 2022இல் மட்டும் மோதிவிட்டுத் தப்பிய விபத்துகள் 67,387. ஆனால் ஐந்தாண்டுகளில் இத்தகைய விபத்துகளில் 660 இறப்புகளுக்கும் 113 காயங்களுக்கும் மட்டுமே இழப்பீடு வழங்கப்பட்டதாக அரசு தந்த கணக்கை 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் இக்கணக்கு வெளிவந்தது. மற்ற குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படியொரு மனு இருப்பதையே எவரும் சொல்லவில்லை.