சல்ஃபைடு ஆய்வு பாலாற்றங்கரைக்கு வரட்டும்

சூரிய ஒளியால் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எரிபொருள் எடுக்க முயலும் வேதியியலும், காற்றில் கலந்த நச்சு வாயுவைக் கண்டறிய முயலும் வேதியியலும் ஒரே வகைப் பொருள்களை, அதாவது உலோகத்துக்கும் மின்கடத்தாப் பொருளுக்கும் இடைநிலையில் நிற்கும் குறைக்கடத்திகளை, நம்பியிருக்கின்றன. இவ்விரு ஆய்வுகளும் சந்திக்கும் இடம் பாலாற்றுப் படுகையின் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிற்பகுதியே என்பதால், அவற்றுக்கான பொதுப்பணத்தில் ஒரு பங்கு இப்பகுதியின் கழிவுநீரைக் கொண்டே, இப்பகுதியிலேயே செலவிடப்பட வேண்டும்.

பச்சைத்தோலின் உரோமத்தை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்ஃபைடு சேர்க்கப்படுகிறது. காரத்தன்மை மிகுந்திருக்கும் வரை அது நீரிலேயே அடங்கிக் கிடக்கும்; அமிலமும் குரோமியமும் கலந்த அடுத்த கட்டக் கழிவுநீர் அதே தொட்டியில் சேரும்போது, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக வெளியேறும். காற்றைவிடக் கனமான இவ்வாயு தொட்டியின் அடியில் தங்கிவிடுகிறது. மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் வீசும் இது, பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டியதும் சில நிமிடங்களில் மூக்கின் உணர்வை மழுங்கடித்துவிடுவதால், நாற்றம் விலகிவிட்டது என்று நம்பி இறங்குபவரும் அவரைத் தூக்கிவிட இறங்குபவரும் அடுத்தடுத்து மயங்கி விழுகின்றனர். கழிவுநீர்ப் பாதைகளில் உயிரிழப்போரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அந்த மரணங்களைத் தடுக்கும் கருவிக்கும் அதே அக்கறை கிடைத்தாக வேண்டும்.

அத்தகைய கருவிக்கு உதவும் வெள்ளீய ஆக்சைடு என்னும் குறைக்கடத்தியைச் சூடாக்கினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேற்பரப்பில் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்வதால் மின்தடை உயர்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அந்த ஆக்சிஜனுடன் வினைபுரிந்து எலக்ட்ரான்களைத் திருப்பித் தருவதால் மின்தடை குறைகிறது. தாமிர ஆக்சைடு துகள்களைச் சேர்த்தால், அவை தாமிர சல்ஃபைடாக மாறி இந்த வீழ்ச்சியைப் பல மடங்கு கூர்மையாக்குகின்றன. ஆனால் உருளையிலிருந்து வரும் உலர்ந்த, தூய வாயுவில் சிறப்பாக இயங்கும் உணர்வி, நீராவி நிறைந்த தொட்டியின் மேல், சுண்ணாம்பு நீக்கும் கட்டத்தில் எழும் அம்மோனியாவுக்கு நடுவே, மாதக்கணக்கில் பிழையின்றி இயங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதைச் சோதிக்க உகந்த இடம் ஆம்பூரின் தொட்டிதான். அதுவரை ஆலைகள் கைகட்டி நிற்கலாகாது. மின்வேதியியல் முறையில் இயங்கும் கையடக்க வாயு அளவிகள் சந்தையில் ஏற்கெனவே கிடைக்கின்றன. அவற்றால் அளக்காமல் எந்தத் தொட்டியையும் திறக்கக் கூடாது.

எரிபொருள் ஆய்வின் கதை இதைவிட வியப்பானது. 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மீது ஒளி பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டினர். எனினும் அப்பொருள், சூரிய ஒளியில் இருபதில் ஒரு பங்கு அளவேயான புற ஊதாக் கதிர்களை மட்டுமே பயன்படுத்த வல்லது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியை ஏற்கும் காட்மியம் சல்ஃபைடோ ஒளி பட்டதும் தானே அரிக்கப்பட்டுவிடுகிறது. அதைக் காக்க ஆய்வாளர்கள் தங்கள் குடுவையில் கலக்கும் உப்புகளில் முதன்மையானது சோடியம் சல்ஃபைடு. ஆய்வுக்கூடம் விலைகொடுத்து வாங்கும் அதே பொருளைத்தான் தோல் ஆலைகள் கழிவாக வெளியேற்றுகின்றன. நீரைப் பிளக்க மோலுக்குக் குறைந்தது 237 கிலோஜூல் ஆற்றல் தேவைப்பட, ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிளக்க ஏறத்தாழ 33 கிலோஜூல் போதும் என்பதும் இவ்வழிக்குத் துணை நிற்கிறது.

ஆனால் சுண்ணாம்பும் உரோமமும் கரைந்த புரதமும் கலந்து கலங்கிய கழிவுநீரில் ஒளி ஊடுருவாது. அதை முதலில் தெளிவிக்க வேண்டும். கிடைக்கும் ஹைட்ரஜனும் ஓர் ஆலையை இயக்கப் போவதில்லை. ஆகவே இம்முயற்சியை எரிபொருளின் அளவைக் கொண்டு அல்ல, நீங்கிய சல்ஃபைடின் அளவைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தில் ஆய்வுக்கென 400 கோடி ஒதுக்கப்பட்டது. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், வேலூரின் பல்கலைக்கழகங்கள் ஆகியவை இணைந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் சோதனைக்களம் அமைக்க அத்தொகையில் சிறு பங்கே போதும். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை 1996இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது இப்பகுதியின் வழக்கிலேயே என்பதால், களத்தையும் கழிவுநீரையும் ஆலைகள் கட்டணமின்றித் தர வேண்டும். நிதி வழங்கும் துறை ஒரு நிபந்தனையை மட்டும் தளர்த்தவே கூடாது: மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக்குவியலை ராணிப்பேட்டை இன்றும் சுமந்து நிற்கையில், காட்மியம் கலந்த எந்த வினையூக்கியும் அந்தக் களத்துக்குள் நுழையக் கூடாது, துத்தநாகமும் இண்டியமும் சேர்ந்த சல்ஃபைடுகள் போன்ற மாற்றுகளில் தொடங்கட்டும்.