வாயில்லாச் சீவன்களும் காப்பீட்டுப் பத்திரமும்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கேயுள்ள கரிசற் சிற்றூர்களில் ஒரு குடும்பத்தின் செல்வம் யாதென வினவினால், பெட்டியிலுள்ள நகையைக் காட்டுவோர் சிலரே. தொழுவத்தைக் காட்டுவோர் பலர். மழை பொய்த்துப் பயிர் கைவிட்ட ஆண்டிலும் கறவை மாடு ஒன்றும் வெள்ளாடு நான்கும் அவ்வீட்டில் அடுப்பு எரியச் செய்கின்றன. ஆயினும், அவ்வுயிர்களுக்கென எடுக்கப்படும் இன்ஷியூரன்ஸ் பத்திரத்தில் எழுதியிருப்பது இன்னதென்று அறிந்தோர் மிகச் சிலர் என்பதை யாம் அண்மையிற் கண்டு வருந்தினோம்.

எமக்கு அறிமுகமான குடியானவர் ஒருவருடைய பசுவுக்கு மடிநோய் கண்டது. மருந்துக்கும் மருத்துவரை அழைத்துவரும் வண்டிக்கும் அவர் கடன் பட்டார். பசு பிழைத்தது, ஆனால் ஒரு காம்பு வற்றிப்போயிற்று. பத்திரத்தைக் கையிலேந்திக் கம்பெனியின் முகவரிடம் சென்றபோது, நோய்க்குப் பணமில்லை, சாவுக்கே உண்டு என்ற விடை கிடைத்தது. “அப்போ செத்தாத்தான் காசா, ஐயா?” என்று அவர் எம்மைக் கேட்டார். மறு ஆண்டு அப்பசு பாம்பு தீண்டி இறந்தது. அப்போதும் காசு வரவில்லை. காதிலிருந்த வில்லை முள்வேலியில் மாட்டி அறுந்து விழுந்ததை அவர் எவருக்கும் தெரிவித்திருக்கவில்லை. வில்லையின்றேல் இழப்பீடும் இல்லை என்பது அப்பத்திரத்தின் விதி.

கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று கூறிவிடுதல் எளிது. யாம் அப்பத்திரத்தை வாங்கிப் படித்தோம். அவருக்குச் சொல்லப்பட்ட விடை இரண்டும் அதில் அச்சாகியே இருந்தன. ஆனால் ஆங்கிலத்தில், எறும்பூர்ந்தாற்போன்ற எழுத்தில். பிழை அவருடையதென்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

நம் நாட்டிற் கால்நடைக் காப்பீடு என வழங்குவது பெரும்பாலும் உயிர்க் காப்பீடேயன்றி நலக் காப்பீடு அன்று. இதற்கு ஒரு காரணம் உண்டு. 1973-இல் பொதுக் காப்பீட்டுத் தொழில் அரசுடைமையான பின்னர், கறவை மாட்டுக் கடனோடு இணைந்தே இக்காப்பீடு ஊர்தோறும் பரவிற்று. மாடு இறந்தால் கடன் மூழ்காதிருக்கவேண்டும் என்பது கொடுத்தவர் கவலை. மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது என்பது வளர்ப்பவர் கவலை. முன்னதற்கே பத்திரம் எழுதப்பட்டது. மாடு உயிரோடிருந்தும் நிலையாகப் பயனற்றுப் போவதற்குச் சில பாலிசிகளில் தனிக் கட்டணம் பெற்று ஈடு தருவதுண்டு. அதனைக் கேட்டு வாங்குவோர் அரியர்.

இவ்வாறிருப்பினும் காப்பீடு வேண்டாவென்று யாம் சொல்லவில்லை. தேசியக் கால்நடை இயக்கத்தின்கீழ் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு செய்த மாற்றத்தின்படி, பிரிமியத்தில் வளர்ப்பவர் பங்கு நூற்றுக்குப் 15 ஆகக் குறைக்கப்பட்டது. முன்னர் அது 20 முதல் 50 வரை இருந்தது. ஐம்பதினாயிரம் ரூபாய் பெறும் பசுவுக்கு ஆண்டுப் பிரிமியம் நூற்றுக்கு நான்கு என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 2,000 ரூபாயில் அவர் கொடுப்பது 300 ரூபாயே. ஒரு வேட்டியின் விலைக்கு இது மலிவுதான். ஆனால் அந்த 300 ரூபாய் எதனை வாங்குகிறது, எதனை வாங்கவில்லை என்பதைத் தெரிந்தல்லவோ கொடுக்கவேண்டும்? பாலிசி தொடங்கிய முதற் சில நாட்களில் நோயால் நேரும் சாவுக்குப் பல பத்திரங்கள் ஈடு தருவதில்லை. களவு போனால் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. இறந்த விலங்கைப் புதைக்குமுன் மருத்துவரை வருவித்துச் சான்று பெறவேண்டும்.

நோயைத் தீர்க்கும் செலவுக்கே காப்பீடு என்னும் ஏற்பாடு நாய்களுக்கு வாய்த்திருக்கிறது. சுவீடன் தேசத்தில் 1890-ஆம் ஆண்டளவில் குதிரைக்கும் மாட்டுக்குமெனத் தொடங்கிய விலங்குக் காப்பீடு, 1924-இல் அங்கே ஒரு நாய்க்கும் நீண்டது. நம் நாட்டில் 2020-இல் பஜாஜ் அலையன்ஸ் கம்பெனி நாய்களுக்கென ஒரு பாலிசியை வெளியிட்டது. வேறு சில கம்பெனிகளும் அவ்வாறே செய்துள்ளன. இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நமக்கு அண்டை ஊர்களாதலின் இச்செய்தி நம்மவர்க்கும் உரியதே. (இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால் தலையே வெளியாயிற்று! அதற்குரிய தடுப்பூசியை மட்டும் நம்மிற் பலர் மறந்துவிடுகின்றனர்.)

இப்பாலிசியைத் தேர்வோர் முதலில் நோக்கவேண்டியது பிரிமியத்தை அன்று, விலக்குகளை. தடுப்பூசியால் தவிர்க்கத்தக்க பார்வோ முதலிய நோய்கள், ஊசி போடாத நாய்க்கு வந்தால் ஈடில்லை. பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்கும் இல்லை. வயது முதிர்ந்த நாயைப் புதிதாகச் சேர்க்கமாட்டார்கள். இவற்றோடு நம் ஊருக்கென்று ஒரு கணக்கும் உண்டு. பணம் திரும்பப் பெறுவது பில்லைக் காட்டி. அரசுக் கால்நடை மருந்தகத்திற் சிறு செலவோடு முடியும் சிகிச்சைக்குக் காட்டுவதற்குப் பெரிய பில் ஏது? எலும்பு முறிந்து மதுரையிலோ சென்னையிலோ தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோர்க்கே அப்பாலிசி பயன் தரும். அவ்வளவு தூரம் கொண்டுசெல்ல மனமும் வசதியும் இல்லாதவர், பிரிமியத் தொகையை அஞ்சலகச் சேமிப்பில் இட்டு, ஆண்டுதோறும் ஊசியைத் தவறாது போடுவதே தக்கது என்பது எம் துணிபு. ஆயினும், தெருவிற் போவோரைக் கடிக்கும் இயல்புடைய நாயை வைத்திருப்போர்க்கு, பிறர்க்கு நேரும் தீங்குக்கு ஈடு தரும் பகுதி உள்ள பாலிசியே ஏற்றது.

மாடாயினும் நாயாயினும், விலக்குகள் அடங்கிய ஒரு தாள் தமிழில், படிக்கத்தக்க எழுத்தில், கையெழுத்திடுமுன் கொடுக்கப்படவேண்டும் என்று யாம் கோருகிறோம். அது வருமளவும் இக்கல்லூரி மாணவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நும் வீட்டில் எத்துணையோ பேர் பெருவிரல் மை தோய்த்துப் பெற்ற பத்திரங்கள் தகரப்பெட்டியில் மடிந்து கிடக்கின்றன. விடுமுறைக்குச் செல்லும்போது அவற்றை எடுத்து, வரிவரியாகத் தமிழிற் படித்துச் சொல்லுங்கள்.

மேற்சொன்ன குடியானவர் இப்போது வேறொரு பசு வாங்கியிருக்கிறார். அதன் காது வில்லையிலுள்ள பன்னிரண்டு இலக்கங்களையும் அவருடைய மகள், பத்தாம் வகுப்பு மாணவி, தன் கணக்கு நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள். பசு மேய்ச்சலிலிருந்து திரும்பும்போதெல்லாம் முதலிற் காதைப் பார்ப்பது இப்போது அவ்வீட்டு வழக்கம்.