தன் துன்பமும் பிறர் துன்பமும்

துயருற்ற வீட்டிற்குச் செல்லும் எம்மவர் பலர் கூறும் ஆறுதல் மொழி ஒன்றுண்டு. "எல்லாம் அவரவர் வினைப்பயன், ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்" என்பதே அது. சைவ நன்மக்கள் வாயிற் பிறக்கும் இம்மொழியைப் பொய்யென்று யாம் கூறோம். ஆயினும், அதனை யார் யாரை நோக்கிச் சொல்லலாம் என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

தன் துன்பத்தைத் தான் ஏற்றல் பொறையாம். பிறனொருவன் துன்பத்தை அவன் ஏற்கவேண்டியதென்று கூறி அப்பாற் செல்லுதல் அருளின்மையாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குதல் கூடாது.

திலகவதியார் வரலாறு இதனை நன்கு விளக்கும். திருவாமூரிற் பிறந்த அவ்வம்மையார்க்கு இளமையிலேயே அடுத்தடுத்து மூன்று இழப்புக்கள் நேர்ந்தன. தந்தையார் புகழனார் இறந்தார். தாயார் மாதினியாரும் உடன் உயிர்நீத்தார். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பி மருணீக்கியாரின் கதறலுக்கு இரங்கி, அவர்பொருட்டு உயிர் தாங்கினார் எனச் சேக்கிழார் கூறுவர். இழப்பை ஏற்றலும் வாழ்வை மேற்கொள்ளலும் அவர்மாட்டு ஒருங்கே நிகழ்ந்தன.

பின்னாளில், சமண சமயஞ் சார்ந்திருந்த அத்தம்பி, சூலைநோயால் வருந்தித் திருவதிகைக்கு வந்து அவர் அடிகளில் வீழ்ந்தார். "உன் வினையை நீயே நுகர்க" என்று அம்மையார் வாளா இருந்தாரல்லர்; திருநீறளித்து ஆட்கொண்டார். அங்ஙனம் காக்கப்பெற்ற திருநாவுக்கரசரே, திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்துற்றபோது, சம்பந்தரோடு இறைவன்பாற் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தார். ஒரு தம்பிமேல் வைத்த அன்பு பலர் பசி தீர்க்கும் அருளாய் விரிந்தது. அருளை அன்பு ஈன்ற குழவியென்று திருவள்ளுவர் கூறியது எத்துணைப் பொருத்தம்!

எமது மண்ணும் இழப்பறியாததன்று. 2004 மார்கழி 26இற் கடல் கொண்டோர் எத்தனையோ பேர். 2009 வைகாசியில் முடிவுற்ற போர் கொண்டோர் எத்தனையோ பேர். பெற்ற மக்களை இழந்தும், பேரப்பிள்ளை பள்ளிக்குப் போகவேண்டுமென்பதற்காகவே வைகறையில் எழுந்து அடுப்பு மூட்டும் மூதாட்டியரை யாம் அறிவோம். அவரெல்லாம் திலகவதியார் வழியினர். வினையைப் பற்றி அவர்க்கு யாம் விளக்கவேண்டுவதில்லை. எம்மினும் அவரே நன்கறிவர். காணாமற்போன மகனை எதிர்நோக்கி இன்றும் வாசலிற் காத்திருக்கும் தாயிடம், "ஏற்றுக்கொள்" என்று கூறும் உரிமையை எமக்கு அளித்தவர் யாவர்? அவர்க்கு வேண்டுவன கூரைக்கு ஓடும், பிள்ளைக்குப் புத்தகமும், அருகிருந்து பொறுமையோடு கேட்கும் ஒரு செவியுமே.

மாணாக்கருக்கும் ஒரு சொல். பரீட்சையில் தவறிய நண்பனுக்கு விதியை எடுத்துரைக்கவேண்டா; அவனருகே புத்தகத்தோடு அமருங்கள்.

பழைய மாணவர்காள்! யூபிலி விழாவிற்கு உள்நாட்டிலிருந்தும் கடல்கடந்த நாடுகளிலிருந்தும் வந்து கூடியுள்ளோம். எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்றவர்களுள் இங்கு வாராதாரும் உளர். சிலரை வறுமை தடுத்திருக்கலாம். சிலரை நோய் தடுத்திருக்கலாம். சிலரை யாவர் முகத்தையும் காணவொட்டாத துயரம் தடுத்திருக்கலாம். விழா முடிந்த மறுநாள், அத்தகைய ஒருவர் வீட்டுப் படலையையேனும் திறந்து உட்செல்வோமாக.