கரையை விட்டுவிட்டு அணையைக் காக்க முடியாது

கேமரன் மலையில் ஆறு முக்கியமா, அணை முக்கியமா என்ற வாதம் ஓய்வதில்லை. இரண்டும் ஒன்றையொன்று நம்பித்தான் நிற்கின்றன என்பதே என் பதில். மேலே ஆற்றங்கரை அழிந்தால் கீழே அணை தூர்ந்துபோகும். கரையைக் காக்கச் செலவிடும் பணம் சுற்றுப்பயணிகள் படமெடுக்கும் அழகுக்கு மட்டுமான செலவல்ல. அது மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் போடும் முதலீடு.

ஹாபு பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, அம்மா கொழுந்து பறித்த சம்பளத்தில் படித்து, ஆசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். அணையின் மின்சாரத்தால் வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அணையே கூடாது என்று பேச எனக்கு மனம் வராது.

இந்த மலையின் தண்ணீர் போகும் வழியைக் கொஞ்சம் பாருங்கள். தெலோம் ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கம் வழியாகப் பெர்தாம் ஆற்றுப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். அது ஹாபு மின் நிலையத்தைக் கடந்து ரிங்லெட் ஏரியில் சேர்கிறது. 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணைதான் அந்த ஏரியைத் தேக்கி வைத்திருக்கிறது. அங்கிருந்து மீண்டும் சுரங்கத்தில் இறங்கிப் பேராக் மாநிலத்துக்குள் போய், ஜோர் நிலையத்தில் 100 மெகாவாட், வோ நிலையத்தில் 150 மெகாவாட் உற்பத்திக்கு உதவுகிறது. பகாங் மழை பேராக்கில் மின்சாரமாகிறது.

அந்த ஏரியில் இன்று தண்ணீரோடு மண்ணும் தேங்கிக் கிடக்கிறது. வண்டலுக்கென்று அடியில் ஒதுக்கிய கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் நிரம்பிவிட்டது. மண் வாரும் இயந்திரங்களும் லாரிகளும் ரிங்லெட்டில் அன்றாடக் காட்சி. வாரிய இடத்தை அடுத்த பருவமழை மறுபடி நிரப்புகிறது.

அந்த மண் எங்கிருந்து வருகிறது? தேயிலைச் செடி ஒருமுறை படர்ந்துவிட்டால் தரையை மூடி, வேரால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காய்கறித் தோட்டம் அப்படியல்ல. ஒவ்வொரு அறுவடைக்கும் மண் கிளறப்படும். பிளாஸ்டிக் கூரையில் விழும் மழை நிலத்தில் ஊற வழியின்றி ஓரத்துக் கால்வாயில் பாய்ந்து, சரிவை அறுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கும். கனமழைக்குப் பிறகு ஹாபுவில் பெர்தாம் ஆறு தே தாரே நிறத்தில் ஓடும். குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டித் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் எங்கள் பக்கம் உண்டு. மழைநாளில் அந்தத் துணியை அவிழ்த்து உதறினால் விரலில் சேறு ஒட்டும்.

காய்கறி விவசாயியை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக நில உரிமத்தை நம்பிப் பிழைத்தவர்கள் பலர். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர் படிக்கட்டு வரப்பும் வண்டல் குட்டையும் கட்டக் கைக்காசைப் போடுவாரா? கரையைக் காத்தால் நிலம் நீண்டகாலம் உங்களிடமே இருக்கும் என்று அரசு எழுதிக் கொடுத்தால் அவர்களே காவல்காரர்கள் ஆவார்கள்.

2013 அக்டோபர் 23 பின்னிரவை யாரும் மறக்கக் கூடாது. நிரம்பிய அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட, பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின, வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. தண்ணீரைச் சுரங்கம் கொண்டுபோய்விடுவதால் அணைக்குக் கீழே சாதாரண நாட்களில் ஆறு மெலிந்தே ஓடும். மெலிந்த ஆற்றைக் கண்டு பயம் விட்டுப்போய், படுகை வரை கொட்டகையும் குடியிருப்பும் நெருங்கின. ஆற்றின் இடத்தை ஆற்றுக்கு விட்டிருந்தால் சேதம் இந்த அளவுக்குப் போயிருக்காது.

அதன் பிறகும் தண்ணீர்த் தேவை நிற்கவில்லை. 372 மெகாவாட் ஊலு ஜெலாய் திட்டம் 2016இல் இயங்கத் தொடங்கியது. பெர்தாமின் கீழ்ப்பகுதியில் சூசு அணை எழுந்தது. தெலோம், லெமோய் ஆறுகளின் தண்ணீரும் அதற்குத் திருப்பப்பட்டது. இப்படியே போனால் தன் போக்கில் ஓடும் ஆறென்று எதை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவது?

அணைகளை ஏராளமாகக் கட்டிய அமெரிக்காவே 1968இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, முதலில் எட்டு ஆறுகளின் பகுதிகளைத் தடுப்பின்றி ஓடவிட ஒதுக்கியது. பின்னர் பட்டியல் நீண்டது. மற்ற ஆறுகளில் அணைகள் தொடர்ந்து வேலை செய்கின்றன. எங்கே கட்டலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் அந்தச் சட்டத்தின் பலம்.

இங்கும் அதைச் செய்யலாம். கேமரன் மலையின் எஞ்சிய ஓடைகளில் எவற்றைத் தொடக் கூடாது என்பதை, அங்கே தலைமுறைகளாக வாழும் செமாய் பூர்வகுடி மக்களையும் உட்காரவைத்துப் பேசிப் பட்டியலிட வேண்டும். ஆற்று ஒதுக்கு நிலத்தில் எல்லைக்கல் நட்டு மரம் வளர்க்க வேண்டும். அணைக்குக் கீழே ஆறு உயிரோடிருக்கும் அளவுக்குத் தண்ணீர் எந்நாளும் விட வேண்டும். நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது, மின் நிலையங்களை நடத்துவது தெனாகா நேஷனல். எனவே மின் வருமானத்தில் ஒரு பங்கு மேல்மலைச் சரிவுகளைப் பாதுகாக்கத் திரும்பி வர ஒப்பந்தம் வேண்டும். கீழே மண் வாரச் செலவிடுவதைவிட மேலே மண் சரியாமல் தடுப்பதே நிலைக்கும். அடுத்த அணைக்குத் திட்டம் போடுவதற்கு முன் இந்த ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும்.